கதவுக்கு மேலே கசிந்த தண்ணீர்

பகாவ் ஊர்க்காரர் ஃபாரூக் பாய் எங்களிடம் வாங்கிய கேரவனைச் சனிக்கிழமை திரும்பக் கொண்டுவருகிறார் என்று நான் சொன்னதும் தர்மராஜ் மாமா கையிலிருந்த திருகாணிகளை டப்பாவில் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். வள்ளிநாயகி அக்கா சன்னாசி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒரு கேரவனுக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. எப்போதும் முணுமுணுக்கும் பாட்டை நிறுத்திவிட்டார்.

"எங்க கசியுதாம்?" என்றார் அக்கா. பதில் அவருக்குத் தெரியும்.

"கதவுக்கு மேலதான்."

"கேட்டியா தர்மா? கதவுக்கு மேல. மறுபடியும்."

மாமா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை பாய் முன்னாலயே பிரிச்சுப் பார்ப்போம். இடுக்கை அடைக்க நீ அடிச்ச சிலிக்கன்ல ஓட்டை இருந்துச்சுன்னா, சன்னாசி, திங்கக்கிழமை நீ வர வேணாம். நான் இதுக்கு மேல ஒண்ணும் பேச மாட்டேன்."

கேரவனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஓட்டை இல்லன்னா பாஸ்?"

"அப்ப பார்ப்போம் லா."

அந்த 'பார்ப்போம்' யாருக்கும் எதையும் உறுதி சொல்லவில்லை. ஆனால் அக்கா மட்டும், தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று என்பதுபோலத் தன் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குள் ஏறினார்.

எங்கள் பட்டறை சுவா டவுனுக்கு அந்தப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. எஸ்டேட்டின் பழைய லாரி கொட்டகை. மாமா அதை வாடகைக்கு எடுத்துச் சின்னக் கேரவன்கள் கட்டுகிறார். இருவர் படுக்க ஒரு கட்டில், பின்பக்கம் அடுப்பு வைக்க ஒரு பலகை, பக்கவாட்டில் ஒரு கதவு, அவ்வளவுதான். வெளிநாட்டு வண்டியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாதவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். லீவு நாளில் போர்ட்டிக்சன் கடற்கரையில் பிள்ளைகளோடு தூங்க ஆசைப்படும் ஃபேக்டரி ஆட்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள், ஒன்றிரண்டு வாத்தியார்கள். மலிவாக இருக்க வேண்டும், மழையில் ஊறக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடப்பதில்தான் எல்லாச் சண்டையும்.

நான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள். பழத்தோட்டங்களில் வேலை செய்துகொண்டு இப்படிப்பட்ட வண்டிகளில் குளிரிலும் மழையிலும் படுத்திருக்கிறேன். ஊறிய பலகையின் வாடை தலையணையில் ஏறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சும்மா வீட்டில் உட்காரப் பிடிக்காமல் மாமாவின் பட்டறைக்கு வந்தேன். படம் எடுப்பதும், வாடிக்கையாளர்களின் வாட்ஸப் புகார்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. புகார்களைப் படிக்கப் படிக்கத்தான் வள்ளிநாயகி அக்கா எனக்குப் புரிந்தார். புரிந்தார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா இந்த எஸ்டேட்டில் பிறந்தவர் இல்லை. பகாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டியவர். பாலை நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் உட்கார்ந்திருப்பாராம். வாளியில் விரலை விட்டுப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், "தண்ணி கலந்திருக்கே" என்பார். எடையில் கொஞ்சம் போய்விடும். முதல் நாள் ராத்திரி மழை பெய்து மரத்தில் கட்டிய கோப்பைகளில் தண்ணீர் நின்றிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை வரும். அம்மா ஒன்றும் பேச மாட்டார். பள்ளிக்கூடம் போகும் வழியில் அக்கா அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார்.

"உங்கம்மா சண்டை போடலையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னான்னு சண்டை போடுறது? சந்தேகப்படுறவன் நாற்காலியில உக்காந்திருக்கான். சந்தேகத்துக்கு ஆளானவ நிக்கிறா. நான் அப்பவே முடிவு பண்ணேன், நின்னா நாற்காலிப் பக்கம்தான் நிக்கணும்னு."

அந்த நாற்காலி செனாவாங்கில் கிடைத்தது. மின்னணுச் சாமான் செய்யும் ஃபேக்டரியில் குறை பார்க்கும் பிரிவு. ஷிஃப்ட் பஸ்ஸில் போய், பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குனிந்து, விரல் நகம் அளவுச் சாமான்களில் கீறல் தேடுவது வேலை. திருமணம் ஆனது, புருஷன் போய்ச் சேர்ந்தார், மகள் ஜோகூருக்குக் கட்டிக்கொண்டு போனாள். அக்கா அதே விளக்குக்குக் கீழேதான் இருந்தார். அவர் கையைத் தாண்டிய சாமான் திரும்பி வந்ததில்லை என்று அங்கே பேச்சு. வீட்டிலும் அதே கண்தான். மீன்காரனிடம் மீனின் செவுளைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டு, காட்டிய பிறகு அவன் கையை முகர்ந்து பார்ப்பார். அவர் குடியிருந்த தாமானில் பிள்ளைகள் அவருக்கு 'ஸ்கேன் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஃபேக்டரியை மூடியபோது எல்லாரும் அழுதார்களாம். இவர் மட்டும், "போன வருஷமே மெஷினுக்கு எண்ணெய் போடுறதை நிறுத்திட்டான், அப்பவே எனக்குச் சந்தேகம்" என்றாராம்.

பட்டறைக்கு அவர் வேலை கேட்டு வரவில்லை. தம்பி வாங்கிய கேரவனில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சண்டை போட வந்தார். வந்தவர் கொட்டகையில் நின்ற எல்லா வண்டியையும் திறந்து பார்த்துவிட்டார். அலமாரிக் கதவை ஆட்டினார், மெத்தைக்கு அடியில் கையை விட்டார், விளக்குக் கம்பிகள் தகட்டின் ஓட்டைக்குள் நுழையும் இடத்தை நகத்தால் சுரண்டினார். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே வந்து பாருங்கக்கா" என்று கத்தினாராம். கோபத்தில் சொன்னது. அடுத்த திங்கட்கிழமை அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றார். அதன் பிறகு மாமாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வண்டிகள் தேறியது அவரால்தான். அதை நான் மறுக்க மாட்டேன். பலகையை அறுத்தவுடன் அறுத்த விளிம்புக்குச் சாயம் பூசிக் காய வைத்த பிறகுதான் பொருத்த வேண்டும். ஈரம் முதலில் குடிக்கும் வாய் அதுதான். அலமாரியை மெல்லிய சுவர்ப் பலகையில் திருகாமல் உள்ளே ஓடும் சட்டத்தில் திருக வேண்டும். கம்பி தகட்டைத் தாண்டும் இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம். சாயங்கால மழைக்குப் பிறகு சிலிக்கன் அடிக்கக் கூடாது, மறுநாள் வெயில் ஏறட்டும். முடிந்த வண்டியை எஸ்டேட்டின் செம்மண் ரோட்டில் குலுங்கக் குலுங்க இழுத்துப்போய்க் கொண்டுவந்து, பிறகு குழாயில் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும்.

"விலை ஏறிடும்கா" என்று மாமா புலம்புவார்.

"எதுல ஏறும்? சாயத்துலயா? காத்திருக்கிறதுக்கு எவன் காசு கேக்கிறான்? நீ மலிவா விக்கிறதை நான் தப்பு சொல்லல. மலிவா இருக்கிறதால பாக்க மாட்டாங்கன்னு நினைக்கிறியே, அதைத்தான் சொல்றேன்."

கூரை ஒழுகுவது நின்றது. ஜன்னல் ஓரம் நின்றது. அலமாரி கழன்று விழுவது நின்றது. புகார்கள் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஒரே ஒரு புகார் மட்டும் மிஞ்சியது. கதவுக்கு மேலே, உள்பக்கச் சுவரில் பழுப்புக் கறை. எல்லா வண்டியிலும் இல்லை, ஆனால் பல வண்டியில். இங்கே தண்ணீர் அடிக்கும்போது ஒரு சொட்டு வராது. வாங்கிப்போய் இரண்டு மூன்று நல்ல மழை பார்த்த பிறகு வரும்.

கதவுக்கு மேலே சிலிக்கன் அடிப்பவர் சன்னாசி அண்ணன்.

அக்காவின் கணக்கு நேரானது. எல்லாம் சரியாகிவிட்டது, இது ஒன்று ஆகவில்லை என்றால், கோளாறு முறையில் இல்லை, ஆளில் இருக்கிறது. சன்னாசி அண்ணன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். விட்டுவிட்டார், மகள் பெரியவளானதும் விட்டுவிட்டார். ஆனால் காலையில் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது அக்கா ஏதோ கேட்கிற சாக்கில் பக்கத்தில் போய் நிற்பார். மூச்சை முகர்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். சிலிக்கனில் எண்ணெய் கலந்து நீர்க்க வைத்து மீதியை வெளியே விற்கிறார் என்று அடுத்த சந்தேகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய மோட்டார் கூடையைத் துழாவுவதை நானே பார்த்தேன். உள்ளே ஒரு மழைக்கோட்டும் பிள்ளைக்கு வாங்கிய ரொட்டியும் இருந்தன. ரொட்டியையும் திருப்பிப் பார்த்தார்.

எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. அது அக்கா மேல்.

முதல் பஸ்ஸில் வரும் அவர்தான் கொட்டகையைத் திறப்பார். வண்டி கொடுக்கிற நாள் என்றால் இன்னும் முன்னதாகவே வந்துவிடுவார். அன்றைக்குப் பூஜை உண்டு. எந்த வண்டி பட்டறையை விட்டுப் போனாலும், யார் வாங்கினாலும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், கதவுக்கு மேலே மாவிலைத் தோரணம், தேங்காய், சூடம். ஏற்பாடு எல்லாம் அக்கா கையால். வாங்குகிறவர் வருவதற்குள் தோரணத்தை எடுத்து, கதவைத் துடைத்துவிடுவார். எல்லா மதத்து ஆளும் வாங்குகிறார்கள், யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்பார். கும்பிட்ட வண்டியை மறுபடி நனைக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. ஒருமுறை நான் தூசி போகட்டும் என்று குழாயைத் திருப்பியபோது கையைப் பிடித்துவிட்டார்.

அப்படி ஒரு காலையில் நானும் சீக்கிரம் போனேன். முடிந்த வண்டியின் பக்கத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டது. அக்கா ஒரு ஸ்டூலிலிருந்து இறங்கி, எதையோ துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு அவர் முகம் கழுவப் போனபோது பையின் வாய் திறந்திருந்தது. வெந்நீர் குடுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தியல்.

சோதித்து முடித்த வண்டியில் சுத்தியலுக்கு என்ன வேலை? சன்னாசி அண்ணனை விரட்ட வேண்டும் என்று நினைப்பவருக்கு, அவர் அடித்த சிலிக்கனில் ஒரு கீறல் போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நினைப்பு வந்த பிறகு அக்கா எதைத் தொட்டாலும் என் கண் அந்தக் கையின் பின்னாலேயே போனது.

வெள்ளிக்கிழமை நேராகவே கேட்டேன். "பையில சுத்தியல் எதுக்குக்கா?"

"பட்டறைக்கு வர்றவ சுத்தியல் கொண்டு வராம சீப்பும் கண்ணாடியுமா கொண்டு வருவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சன்னாசி அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். "அந்தம்மாவுக்கு ஆயுதம் எல்லாம் வேணாம்மா. கண்ணு ஒண்ணு போதும், ஆள் செத்துருவான்." சிரிப்பு அடங்கியதும் கையிலிருந்த சிலிக்கன் துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நாளைக்கு ஓட்டைன்னு சொல்லிட்டா எங்க போறது சொல்லு. ஃபேக்டரியில இந்த வயசுக்கு எடுக்க மாட்டான். செம்பனைக் குலை தூக்க முதுகு இல்ல. பாப்பா அடுத்த வருஷம் பரீட்சை எழுதுது." பிறகு என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீயும் சந்தேகப்படுறியா என்னை?"

இல்லை என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை ஃபாரூக் பாய் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். பகாவில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். வரும்போதே எல்லாருக்கும் ரொட்டிச் சானாய்ப் பொட்டலம் கொண்டுவந்தார். புகார் சொல்ல வருகிறவர் சாப்பாட்டோடு வந்தால் மாமாவுக்கு இன்னும் பயம். பாயின் மனைவி ஹபீபுன்னிசா கதவைத் திறந்து உள்ளே போன வேகத்தில் ஒரு தலையணையோடு வெளியே வந்து அதை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரும்மா. புதுத் தலகாணி. ஒரு தடவைதான் போர்ட்டிக்சன் போனோம். மழை. பிள்ளைங்க தலையில சொட்டுது."

அதே வாடை. நான் தலையை ஆட்டினேன்.

"வண்டி எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் பாய், மனைவியை அமர்த்துவதுபோல. "கதவு, கட்டில், ஆட்டம் கிடையாது. இந்த ஒண்ணுதான். அதான் பிரிச்சே பாத்துடலாம்னு கொண்டாந்தேன்."

அக்கா ஏற்கெனவே ஸ்டூலைப் போட்டிருந்தார். "எல்லாரும் பக்கத்துல வாங்க. அப்புறம் நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லக் கூடாது." அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார் என்று தோன்றியது. "சன்னாசி, நீயும் வா. உன் வேலைதானே, நீயே பாரு."

கதவுச் சட்டத்துக்கு மேலே நீளமாக ஒரு ரப்பர் பட்டை ஓடும். சட்டமும் தகடும் சேரும் கோட்டை அது மூடியிருக்கும். அதற்கு அடியில்தான் சிலிக்கன். அக்கா பட்டையின் முனையைக் கத்தியால் நெம்பி, மெல்ல உரித்தார். சன்னாசி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 

சிலிக்கன் முழுதாக இருந்தது. ஒரே சீராக, கெட்டியாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. அக்கா கத்தியை அடியில் விட்டு நெம்பினார். நடுவில் எங்கும் அறுபடாமல், மீ கோரேங் நூடுல்ஸ் இழைபோல ஒரே நீளமாக வந்தது. நீர்க்க வைத்த சிலிக்கன் அப்படி வராது. அது அக்காவுக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

"இதுல என்ன ஓட்டை?" என்றார் சன்னாசி அண்ணன். 

அக்கா அந்த இழையைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். இரண்டு இடத்தில் வெளிச்சம் ஊசிமுனைபோல வந்தது. ஒன்று கதவின் இந்த ஓரத்துக்கு நேரே, மற்றது அந்த ஓரத்துக்கு நேரே. இழையை இறக்கி மரத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே இடங்களில் இரண்டு கறுத்த புள்ளிகள். கறை அந்தப் புள்ளிகளில் தொடங்கித்தான் கீழே வழிந்திருந்தது.

கசிவு தானாக வருவதானால் இப்படி அளவெடுத்த மாதிரி இரண்டு பக்கமும் வராது. மாமாவும் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆணி," என்றார். "எவனோ ஆணி அடிச்சிருக்கான். அடிச்சுப் பிடுங்கியிருக்கான். ரப்பர் மூடிக்கிச்சு, வெளிய தெரியல." சன்னாசி அண்ணன் பக்கம் திரும்பினார். "நீதானே வேலை நேரத்துல மழைக்கோட்டை எங்கயாவது மாட்டுவே? கதவுல ஆணி அடிச்சு மாட்டுனியா?"

"நான் ஏன் பாஸ் கதவுல மாட்டணும்? மோட்டார்ல கூடை இருக்கு."

"பின்ன யாரு லா? பேயா?"

சன்னாசி அண்ணன் அந்தப் புள்ளிகளை எட்டிப் பார்த்தார்.  ஹபீபுன்னிசா அவரைப் பார்த்த பார்வையிலேயே, அவர் செய்ததாக முடிவாகிவிட்டது தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். சுத்தியல் என் நாக்கு நுனியில் இருந்தது.

அக்கா ஸ்டூல் மேலேயே நின்றார். வலது கையை உயர்த்தி ஒரு புள்ளியில் விரலை வைத்தார். இடது கையை மற்றதை நோக்கி நீட்டினார். இரண்டு கையும் கதவின் அகலத்துக்கு விரிந்து நின்றபோது, அந்த நிற்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. பூஜை நாளில் தோரணத்தைச் சரிபார்க்க அவர் அப்படித்தான் நிற்பார்.

தோரணம் எதில் தொங்குகிறது என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. தோரணம் என்றால் தொங்கும், அவ்வளவுதான். தகட்டில் ஆணி அடித்தால் தழும்பு தெரியும் என்று, தெரியாமல் மறையும் ரப்பரில் அடித்திருக்கிறார். வாடிக்கையாளர் வருமுன் பிடுங்கியும் இருக்கிறார். சுத்தமாக, கவனமாக, சோதனை எல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொரு வண்டியிலும். கும்பிட்ட வண்டியில் தண்ணீர் படக்கூடாது என்பதால் அந்த ஓட்டைகளை எந்தக் குழாயும் பார்த்ததில்லை.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். மாமா ஆளைத் தீர்மானித்துவிட்டார். ஒரு மூச்சு நேரம் அக்காவும் அதைத்தான் யோசித்தார் என்று நான் சந்தேகப்படுகிறேன், இன்றைக்கும்.

"நான்தான் அடிச்சது," என்றார்.

"என்னக்கா?"

"தோரணம் கட்ட. எல்லா வண்டிக்கும்." ஸ்டூலிலிருந்து இறங்கினார். இறங்கும்போது பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் கையைத் துழாவினார். நான் பிடித்துக்கொண்டேன்.

பாய்தான் முதலில் பேசினார். "என் வண்டிக்குப் பூஜை போட்டீங்களா?"

"எல்லா வண்டிக்கும் போடுவோம் பாய். ரோட்டுல நல்லபடியாப் போகணும்னு."

பாய் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையணையைப் பார்த்தார். "நல்லபடியாப் போகணும்னுதான் நாங்களும் ஃபாத்திஹா ஓதி எடுத்தோம்," என்றார் பாய் நிதானமாக. "நாங்க ஆணி அடிக்கலையேம்மா."

மாமாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சன்னாசி அண்ணன் சிரிக்கவில்லை. தன் சிலிக்கன் இழையைத் தரையிலிருந்து எடுத்தார், சுருட்டினார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"என் வாயை மோந்தீங்க. என் கூடையை நோண்டினீங்க. பாப்பா ரொட்டியைக்கூட விடலை. உங்க கையை ஒரு நாள் பாத்தீங்களா?"

 சன்னாசி அண்ணன் மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, செம்பனை நிழலுக்குள் போய் மறைந்தார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. "அவனே வேலையை விட்டு நின்னுட்டான். நான் ஒண்ணும் விரட்டலை," என்று மாமா எல்லாரிடமும், கேட்காதவர்களிடமும், சொல்லிக்கொண்டிருந்தார். பழைய வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி எழுதுவது என் வேலையாயிற்று. என்ன காரணம் எழுதுவது என்று மாமாவைக் கேட்டேன். "சர்வீஸ்னு எழுது" என்றார். "ஆணின்னு எழுது," என்றார் அக்கா உள்ளிருந்து. ஆணி என்றே எழுதினேன்.

மதியம் அக்கா என்னிடம் வந்தார். "உன் மோட்டார்ல சுவா வரைக்கும் போலாமா?"

சன்னாசி அண்ணன் வீட்டு முற்றத்தில் கோழிக்கூண்டின் தகரக் கூரை ஓட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். கையில் சிலிக்கன் குழாய். நாங்கள் இறங்கியதும் அக்காவின் கண் எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. நேரே குழாய்க்குப் போயிற்று. அவராலும் அதைத் தடுக்க முடியவில்லை.

சன்னாசி அண்ணன் குழாயைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. நல்லா பாருங்க. பட்டறைச் சரக்கு வெள்ளை. இது சாம்பல். கடையில வாங்குனது."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கண்ணு கேட்டுச்சு." கோழி ஒன்று அவர் காலைச் சுற்றியது. "என்ன, மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நாளைக்கு அந்த மஞ்சக் கோடு போட்ட வண்டிக்குப் பூஜை. நீ வந்து தண்ணி அடிக்கணும்."

"இவ்வளவு நாளா அதைத்தானே அடிக்கிறேனான்னு மோந்து பாத்தீங்க."

நான் சிரித்துவிட்டேன். அக்காவின் உதடு லேசாக அசைந்தது. "வாயை மூடு. குழாய்த் தண்ணி. பூஜைக்கு அப்புறம்."

சன்னாசி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அப்புறமா? சாமி கும்பிட்ட வண்டி மேலயா?"

"எஸ்டேட்டு முனியாண்டி காலமெல்லாம் மழையிலதான் நிக்கிறாரு. அவருக்கு என்ன ஆச்சு?"

"இத்தனை நாள் நனையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். அதான் வந்திருக்கேன்."

அவர் வருவேன் என்று சொல்லவில்லை. தகரத்தின் மீதி ஓட்டையை ஒட்டப் போய்விட்டார். அவர் மகள் எங்களுக்கு மைலோ கலந்து கொடுத்தாள். அக்கா குடிப்பதற்கு முன் கோப்பையின் விளிம்பைப் பார்த்தார், பிறகு சட்டென்று பார்க்காததுபோலக் குடித்தார்.

மறுநாள் காலை தோரணம் ஆணியில் தொங்கவில்லை. ஒரு முனையைக் கதவுப் பக்கத்துக் கைப்பிடியிலும் மறுமுனையை வெளிப்பக்கக் கூரை விளக்கின் கொக்கியிலும் கயிற்றால் கட்டியிருந்தார் அக்கா. கோணலாக இருந்தது. அவர் அதைப் பார்க்கப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சூடம் காட்டும்போது மோட்டார்ச் சத்தம் கேட்டது. சன்னாசி அண்ணன் நேற்றைய சட்டையிலேயே வந்தார். திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். குழாயை இழுத்தார்.

தண்ணீர் கூரையில் மோதிக் கதவில் வழிந்தது. குங்குமம் கரைந்து வெள்ளைத் தகட்டில் சிவப்பாக இறங்கியது. மாவிலைகள் நனைந்து ஒட்டிக்கொண்டன. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"போதுமா?"

"இன்னும் அடி. கதவுக்கு மேல."

நிறைய நேரம் அடித்தார். பிறகு அக்கா கதவைத் திறந்து டார்ச்சோடு உள்ளே ஏறினார். சுவரில் வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து போயிற்று. இறங்கவில்லை. உள்ளிருந்தே கூப்பிட்டார்.

"சன்னாசி, நீயும் உள்ள வா."

"எதுக்கு? இன்னும் என்னை நம்பலையா?"

"இல்ல."

குழாயை மூடிவிட்டு அவர் படியில் கால் வைத்தார். நின்றார். "அப்ப நீங்களே பாத்துக்க வேண்டியதுதானே?"

அக்கா டார்ச்சைத் திருப்பி, பிடியை அவர் பக்கமாக நீட்டினார்.

"நான் பாத்துட்டேன். நான் பாத்தது சரியான்னு நீ பாரு."